நோயும் காப்பும்: அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவர் யார்?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தானம் நான்கு வகை என்பது தமிழ்ச் சமண இல்லங்களில் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அறிந்த செய்தி. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் அந்நான்கனுள் மருந்துக்கு உணவை அடுத்த இடம் உண்டு. சமணச் சான்றோர் இயற்றிய கீழ்க்கணக்கு நூல்கள் இரண்டு மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டிருப்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. ஏலாதி என்பது ஏலம் முதலாய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்து. சிறுபஞ்சமூலம் என்பது ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்து. உடல் நோய் தீர்ப்பதையும் உள்ள நோய் தீர்ப்பதையும் ஒரு சேர வைத்து எண்ணிய மரபு அது.

அந்நாளில் மருந்து என்பது வேரும் பட்டையும் கடையில் வாங்கும் சரக்குமாக இருந்தது. ஓர் ஊரின் வைத்தியர் ஊராருக்குப் போதுமானவராக இருந்தார். இந்நாளில் நிலை வேறு. இதயத்தில் அடைப்பு என்றால் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், அறுவை சிகிச்சை. சிறுநீரகம் பழுதுற்றால் வாரந்தோறும் டயாலிசிஸ். புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில் மருந்தும் கதிர்வீச்சும். இவற்றின் செலவைத் தன் சேமிப்பிலிருந்து தாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சில. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவை நம்பி வாழும் குடும்பங்களில் பெரிய நோய் ஒன்று புகுந்தால் முதலில் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. அடுத்துக் கறவை மாடு விலையாகிறது. கடைசியில் நிலத்தின் பத்திரம் கைமாறுகிறது. நோயாளி பிழைத்து வீடு திரும்பும்போது அவரை வரவேற்க வீடு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இத்துன்பத்தைத் தடுப்பதற்கென்றே அரசின் மருத்துவக் காப்பீடு உள்ளது. ஆயினும் உரிமை உடையோர் பலர் அதனைப் பெறாமல் இருக்கின்றனர். அட்டை வாங்காதவர் உளர். தமக்குத் தகுதி இல்லை எனத் தவறாக எண்ணியவர் உளர். அரசின் இலவசத்தைப் பெறுவது குடும்ப மதிப்புக்கு இழுக்கு என நாணியவரும் உளர். ஆதலின் இவ்வுரை ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறது: தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவர் யார்? உரியவர் அதனை எவ்வாறு அடைவது?

திட்டம் வந்த வழி

காப்பீடு என்பது பலர் சேர்ந்து சிலரின் சுமையைத் தாங்கும் ஏற்பாடு. எல்லோர் பெயரிலும் சிறுதொகை செலுத்தப்படும்; எவருக்கு நோய் வருகிறதோ அவருக்கு அத்தொகுப்பிலிருந்து பெருந்தொகை வழங்கப்படும். தனியார் காப்பீட்டில் அச்சிறுதொகையைக் குடும்பம் செலுத்துகிறது. அரசுக் காப்பீட்டில் அதனை அரசு செலுத்துகிறது. அரசின் பணம் மக்களின் வரிப்பணமே. உப்பு முதல் உடை வரை வாங்கும்போதெல்லாம் ஏழையும் வரி செலுத்துகிறார் அல்லது வரி சேர்ந்த விலையைச் செலுத்துகிறார். எனவே அட்டையைப் பெறுவதில் நாணத்துக்கு இடமில்லை. தகுதியுடையவர் பெறுவது தம் உரிமையையே.

இந்திய நாட்டில் இவ்வகைக் காப்பு முதலில் உழைப்பாளர்க்கு வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தொழிலாளர் அரசு காப்பீடு எனப்படும் இ.எஸ்.ஐ. தோன்றியது. ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியாத உழவர்க்கும் கூலி வேலை செய்வோர்க்கும் காப்பு வர அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தது. 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது. தமிழ்நாட்டில் 23.7.2009 அன்று உயிர்காக்கும் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 11.1.2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா தொடங்கியபோது, தமிழ்நாட்டுத் திட்டம் அதனுடன் இணைக்கப்பெற்றது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, திட்டம் அறுபடாமல் தொடர்ந்தது.

தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய், சில சிகிச்சைகளுக்கு 1.5 இலட்சம் ரூபாய் என்றிருந்த காப்புத்தொகை இப்போது ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் இதில் அடங்கும். இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ், காது கேளாக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துதல் ஆகியவை அவற்றுட் சில. உறுப்பு மாற்று போன்று பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சைகளுக்கெனத் தனி நிதித் தொகுப்பும் உண்டு.

தகுதியின் அளவுகோல்

இத்திட்டத்தில் தகுதியைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் பெயர் இருத்தல். மற்றொன்று, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருத்தல். 2012இல் இவ்வெல்லை 72,000 ரூபாய். 2022 ஜனவரியில் தொடங்கிய கட்டத்தில்தான் இது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. பழைய எல்லையின்கீழ்த் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த ஏமாற்றத்தோடு நின்றுவிட்டனர். அவர்கள் மீண்டும் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும்.

சாதி, சமயம் என்பன இத்தகுதியில் இடம்பெறுவதில்லை. சமணர் சிறுபான்மையினர் என 2014இல் ஒன்றிய அரசால் அறிவிக்கப்பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் மருத்துவக் காப்பீட்டுக்கு அச்சான்று தேவையும் இல்லை. அது தடையும் இல்லை. வருமானம் ஒன்றே அளவுகோல். வயது வரம்பும் இல்லை. முன்பே இருந்த நோய் என்று ஒதுக்குவதும் இல்லை. தனியார் காப்பீட்டில் முதியோரும் நெடுநாள் நோயாளிகளும் படும் இடர்ப்பாடு இங்கு இல்லை என்பதே இதன் தனிச்சிறப்பு.

இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோர்க்கு வருமான எல்லை இன்றியே இடமுண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதங்களுக்கு மேல் இங்குத் தங்கி உழைப்போர்க்கும் உரிய சான்றுகளுடன் வழியுண்டு. வீட்டிலும் கடையிலும் வயலிலும் தம்மிடம் பணிபுரியும் வெளிமாநிலத்தார்க்கு இச்செய்தியை எடுத்துரைப்பது முதலாளியின் கடமை.

ஒன்றிய அரசின் திட்டம் வேறோர் அளவுகோலைக் கொண்டது. அது 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. ஓர் அறை மட்டுமே உள்ள, உறுதியற்ற சுவரும் கூரையும் கொண்ட வீட்டில் வாழ்வோர், 16 முதல் 59 வயது வரையுள்ள ஆண் இல்லாமல் பெண்ணே தலைவியாய் உள்ள குடும்பங்கள், நிலமற்ற கூலி உழைப்பாளர் முதலியோர் அக்கணக்கின்வழி அடையாளம் காணப்பெற்றனர். அப்பட்டியலில் இருப்போர் தமிழ்நாட்டில் இரண்டும் இணைந்த திட்டத்தின் பயனைப் பெறுகின்றனர்.

குடும்பம் என்பது எது?

பலரும் இடறுவது இவ்விடத்தில்தான். திட்டத்தின் விதி, குடும்பத் தலைவர், அவர்தம் துணைவர், மக்கள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரைக் குடும்பம் என்கிறது. இவருள் ஒருவர் பெயர் குடும்ப அட்டையில் இருப்பின் அவர் குடும்ப உறுப்பினர் என்றே கொள்ளப்படும். வேறு சான்று கேட்கப்படாது. அப்படியானால் பெயர் இல்லாவிடின் என்ன ஆகும்? உறவு உண்மையாயினும் மருத்துவமனையின் முகப்பில் அது செல்லாமற் போகும்.

திருமணமாகி வந்த மருமகளின் பெயர் மூன்றாண்டுகளாகப் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடப்பது எத்தனை வீடுகளில்? பேரக்குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின்னும் அட்டையில் சேர்க்கப்படாதிருப்பது எத்தனை வீடுகளில்? அரிசியும் சர்க்கரையும் வாங்குவதற்கு மட்டுமே அட்டை என்று எண்ணி, கடைக்கே செல்லாத குடும்பங்கள் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றன. அரிசி வேண்டாதார்க்கும் அவ்வட்டை வேண்டும். அது உறவின் ஆவணம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கருதிப் பார்க்கலாம். முதிய தாயும் தந்தையும் ஊரில் சிறு நிலத்தின் வருவாயில் வாழ்கின்றனர். மகன் சென்னையில் மனைவி மக்களோடு தனிக்குடித்தனம் நடத்துகிறார். மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார். ஆயினும் அவர் பெயர் இன்னும் ஊர் அட்டையிலேயே உள்ளது. வருமானச் சான்று கேட்கும்போது அட்டையில் உள்ளோர் அனைவரின் வருவாயும் கணக்கில் வரும். 1,20,000 ரூபாய் எல்லை கடந்துவிடும். விளைவு, பெற்றோர்க்கும் காப்பு இல்லை, மகனுக்கும் இல்லை.

அம்மகன் தான் உண்மையில் வாழும் இடத்தில், தன் அடுப்பு எரியும் வீட்டில், தன் குடும்பத்துக்கெனத் தனி அட்டை பெற்றுக்கொள்வாராயின் பெற்றோரின் வருவாய் தனியே கணக்கிடப்படும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாழ்க்கையில் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றை ஆவணத்திலும் பதிவு செய்வதே இது. மாறாக, ஒரே கூரையின்கீழ் ஒரே அடுப்பில் உண்டுகொண்டு, காப்பீட்டுக்காக மட்டும் அட்டையைப் பிரிப்பது உண்மைக்குப் புறம்பானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் தன் மனத்தளவில் நன்கு அறியும்.

வருமானச் சான்றும் வாய்மையும்

வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையின்பேரில் வருவாய்த் துறையினரால் வழங்கப்படுவது. இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். நிலத்தின் வருவாய், கூலி, வாடகை, சம்பளம் அனைத்தும் அதில் கூறப்பட வேண்டும்.

இங்கு ஒரு சோதனை நேர்கிறது. மாதம் 10,000 ரூபாய்க்குட்பட்ட வருவாய் என்பது மிகச் சிறிய எல்லை. மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் குடும்பமும் பெருநோயைத் தாங்க இயலாத குடும்பமே. அதன் தலைவரை நோக்கி, ‘ஒரு வரியில் குறைத்து எழுதினால் போதுமே, யார் கேட்கப் போகிறார்கள்?’ என்று அருகில் இருப்போர் கூறுவர். நோயுற்ற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அச்சொல்லைக் கேட்கும் தந்தையின் நிலையை எளிதாகப் பழித்துவிட முடியாது. ஆனால் அவ்வரி பொய். பொய் உரையாமை இல்லறத்தார் ஏற்கும் விரதங்கள் ஐந்தனுள் ஒன்று. அது வணிகத்துக்கு மட்டும் உரியது, அலுவலகப் படிவத்துக்கு உரியதன்று என எந்த நூலும் விலக்கு அளிக்கவில்லை.

இதற்கு மறுதலையும் உண்டு; அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையான வருவாய் எல்லைக்குள் இருந்தும், ‘நயினார் வீட்டில் இவ்வளவுதானா?’ என ஊரார் எண்ணுவரே என்று அஞ்சி, சான்றுக்கே செல்லாதவர் உளர். நிலம் இருந்தும் விளைச்சல் இல்லாத முதியோர், கணவனை இழந்த பெண்கள், ஆலயத்தில் பூசனை புரியும் உபாத்தியாயர் ஆகியோர் இவ்வகையினர். பல ஊர்களில் உபாத்தியாயர் பெறும் ஊதியம் இவ்வெல்லைக்கு வெகு கீழே உள்ளது. வருவாயைக் குறைத்துக் கூறுவது போன்றே, இல்லாத வளத்தை இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் உண்மைக்கு மாறானதே. முன்னதில் பிறர் பொருள் போகிறது. பின்னதில் தம் வீட்டார் உயிருக்குக் கேடு வருகிறது.

எல்லைக்கு மேலே உள்ளோர்க்கு வழி

1,20,000 ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ளோர் அனைவரும் கைவிடப்பட்டவர் அல்லர். அவர்க்கு வேறு வாயில்கள் உள்ளன. பொய்ச் சான்றைத் தேடும் முன் அவ்வாயில்களைத் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது இ.எஸ்.ஐ. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடை, நிறுவனம், ஆலை ஆகியவற்றில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். ஊதியத்தில் 0.75 விழுக்காட்டைப் பணியாளரும் 3.25 விழுக்காட்டை முதலாளியும் செலுத்துவர். 16,000 ரூபாய் ஊதியம் பெறும் ஓர் இளைஞருக்கு மாதம் பிடிக்கப்படும் தொகை 120 ரூபாய் மட்டுமே. அதற்கு ஈடாக அவரும், துணைவியும், மக்களும், சார்ந்து வாழும் பெற்றோரும் மருத்துவம் பெறலாம். புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் இதில் உண்டு. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. உயர் சிறப்புச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட காலம் பணியில் இருந்து சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். சென்னை கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் உள்ள பெரிய மருத்துவமனைகள் இவ்வகையினவே. சென்னையில் பணிபுரியும் இளைஞர் பலர் தம் சம்பளச் சீட்டில் அந்த 120 ரூபாய் கழிக்கப்படுவதைப் பார்க்கின்றனர். அதன் பொருளை அறிந்தாரில்லை. ஊரில் உள்ள பெற்றோரின் பெயரை அதில் பதிவு செய்தாரும் சிலரே.

இதன் மறுபக்கம் முதலாளிகளைச் சார்ந்தது. பத்துப் பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு ஏட்டில் எண்மரை மட்டும் காட்டுவது, அப்பதின்மரின் குடும்பங்களிடமிருந்தும் மருத்துவத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அரசு ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் உரிய திட்டம். ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்றோர் இச்சமுதாயத்தில் மிகுதி. அவர்க்கு மாநில அரசின் ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அது ஓய்வூதியரையும் துணைவரையும் மட்டுமே காக்கும். உடன் வாழும் மகனும் மருமகளும் அதில் வாரார். ‘அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று வீடு முழுவதும் நம்பியிருப்பது பிழை.

மூன்றாவது, முதியோர்க்குரியது. 70 வயது நிறைந்த எவரும், செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் காப்புப் பெறலாம் என ஒன்றிய அரசு முடிவெடுத்து, 29.10.2024 அன்று அதனைத் தொடங்கியது. ‘வய வந்தனா’ அட்டை என்பது அதன் பெயர். வயதை ஆதார் அட்டை கொண்டு முடிவு செய்வர். ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பத்தின் முதியோர்க்கு அவர்க்கெனத் தனியே 5 இலட்சம் கூடுதலாக உண்டு. ஒரே குடும்பத்தில் 70 கடந்தவர் இருவர் இருப்பின் அத்தொகையை இருவரும் பகிர்ந்துகொள்வர். தனியார் காப்பீடும் இ.எஸ்.ஐ.யும் வைத்திருப்போர் இதற்கும் உரியர். ஒன்றிய அரசு ஊழியர்க்கான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்க்கான இ.சி.எச்.எஸ். போன்றவற்றில் இருப்போர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாகப் பதிவாகியிருப்பின் அதனை இப்போதே திருத்திக்கொள்வது நலம். இதுபற்றி 14555 என்னும் எண்ணில் வினவலாம்.

அட்டை பெறுதலும் பயன்படுத்தலும்

முதலமைச்சரின் திட்டத்தில் சேர்வதற்கு வேண்டியவை மூன்று: குடும்ப அட்டை, வருமானச் சான்று, உறுப்பினர்களின் ஆதார் அட்டை. இவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் சென்றால் புகைப்படமும் கைரேகையும் பதிவு செய்யப்படும். வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து திருவண்ணாமலைக்கும், திண்டிவனப் பக்கத்து ஊர்களிலிருந்து விழுப்புரத்துக்கும் சென்று வர ஒரு நாள் ஆகும். நோய் வந்த பின் அவ்வொரு நாள் கிடைப்பது அரிது. வரும் முன் அது எளிது.

சிகிச்சை தேவைப்படும்போது நினைவில் கொள்ள வேண்டியவை சில. இத்திட்டம் முதலில் பணம் கட்டிவிட்டுப் பின்னர்த் திரும்பப் பெறும் வகையைச் சேர்ந்ததன்று. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே பணத்தைச் செலுத்தும். ஆதலின் திட்டத்தில் இணைக்கப்பெற்ற மருத்துவமனைக்கே செல்லுதல் வேண்டும். ஒரு மருத்துவமனை கண் சிகிச்சைக்கு இணைக்கப்பட்டிருக்கலாம்; இதயச் சிகிச்சைக்கு இணைக்கப்படாதிருக்கலாம். எந்தப் பிரிவுக்கு அங்கே அனுமதி உண்டு என்பதைச் சேர்க்கும் முன் கேட்டல் வேண்டும். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு முகப்பில் அட்டையைக் காட்டினால், மருத்துவர் பரிந்துரைத்த சிகிச்சைக்கு முன் அனுமதி கோருவர். அனுமதி வந்த பின் சிகிச்சை தொடங்கும். அவசர நிலையில் விரைவு அனுமதிக்கும் வழியுண்டு.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை வரையறுக்கப்பட்டுள்ளது. அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியே பணம் கேட்டல் முறையன்று. கேட்டால் 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம்.

திட்டத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். சாதாரணக் காய்ச்சல், தலைவலி, நாள்தோறும் உண்ணும் இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை இதில் அடங்கா. இது பெருநோய்க்கான காப்பு. சிறுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவமனைகளில் அட்டை இல்லாதவர்க்கும் சிகிச்சை உண்டு என்பதையும் மறத்தலாகாது. திருவண்ணாமலை, முண்டியம்பாக்கம், செங்கல்பட்டு ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அங்கும் அட்டையைக் காட்டுவது நன்று. அதனால் அம்மருத்துவமனைக்கு நிதி கிடைக்கிறது.

சாலை விபத்துக்குத் தகுதி என்பதே கேட்கப்படுவதில்லை. 18.12.2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, காப்பீட்டு அட்டை உள்ளவர் இல்லாதவர், இம்மாநிலத்தவர் பிற மாநிலத்தவர் என்னும் வேறுபாடின்றி, வரையறுத்த தொகை வரை அரசின் செலவிலேயே அளிக்கப்படுகிறது. திண்டிவனம் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் ‘யார் பணம் கட்டுவது?’ என்று தயங்காமல் 108க்கு அழைத்தல் வேண்டும். அடிபட்ட உயிருக்கு அபயம் அளிப்பதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

ஊர்தோறும் செய்யத்தக்கது

தகுதியைப் பற்றி எவ்வளவு பேசினும் அட்டை கைக்கு வந்தாலன்றிப் பயனில்லை. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஆலய நிர்வாகம் இரண்டு இளைஞரை இப்பணிக்கு அமர்த்தலாம். அவர்கள் ஒரு நோட்டில் ஊரில் உள்ள குடும்பங்களை மூன்று பகுதியாக எழுதட்டும்: அட்டை உள்ளோர், தகுதி இருந்தும் அட்டை இல்லாதோர், இத்திட்டத்துக்கு எல்லை கடந்தோர். முதற்பகுதியாரின் அட்டையில் எல்லோர் பெயரும் உள்ளனவா எனப் பார்க்கலாம். இரண்டாம் பகுதியார்க்கு வருமானச் சான்று பெற உதவி, ஒரு வண்டி அமர்த்தி ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். மூன்றாம் பகுதியார்க்கு இ.எஸ்.ஐ., முதியோர் அட்டை, தனியார் காப்பீடு ஆகியவற்றுள் எது பொருந்தும் எனக் கூறலாம். இதனைச் செய்கையில் ஒருவரின் வருவாய் மற்றவர் செவிக்கு எட்டாதவாறு காத்தல் இன்றியமையாதது. நாணத்தால் ஒதுங்கியோர் வெளிவருவது அந்நம்பிக்கையைப் பொறுத்தது.

அட்டை தாங்காத செலவுகளும் உண்டு. நோயாளியுடன் செல்பவரின் பயணம், தங்குதல், உணவு, வீடு திரும்பிய பின் வாங்கும் மருந்து ஆகியவற்றுக்கு அறக்கட்டளைகள் சிறு நிதியை ஒதுக்கலாம். சென்னையில் வாழும் குடும்பங்கள் பொருளை விடவும் சிறந்த ஓர் உதவியைச் செய்யலாம். பகலவன் மறையும் முன் உண்ணும் நியமமுடைய முதியவள் ஒருத்தி, மருத்துவமனை வராந்தாவில் கணவனுக்குத் துணையாக இருக்கிறாள். மாலையில் அவளுக்கு ஏற்ற உணவு அங்கே கிடைப்பதில்லை. வெறும் நீரோடு இரவைக் கழிக்கிறாள். ஐந்து மணிக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி சோறு வருமாயின் அதுவே ஆகாரதானமும் ஔடததானமும் ஆகும்.

விழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் இன்றிரவு செய்யத்தக்க செயல் ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள குடும்ப அட்டையை எடுத்து, அதில் உள்ள பெயர்களை உரக்கப் படித்து, வீட்டில் உள்ள முகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முகம் இருந்து பெயர் இல்லையாயின் நாளைக் காலையே அதனைச் சேர்க்கும் முயற்சியைத் தொடங்குங்கள். ஊரில் தனித்து வாழும் தாய் தந்தையர் உடையோர், அவர்தம் அட்டை எங்குள்ளது, எந்த ஆண்டு பெற்றது என இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

மருந்தும் மருத்துவரும் மருத்துவமனையும் உள்ளன. அவற்றின் வாயிலில் நின்று, ‘பெயர் இல்லை’ என்னும் ஒரு சொல்லால் எந்த முதியவரும் எந்தக் குழந்தையும் திரும்பாதிருக்கட்டும்.